சிக்கனம் எதற்காக?

(ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மணமக்களுக்குப் புத்திமதி சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் புத்திமதி சொல்லுவது மிகவும் சுலபமான காரியம். சொல்லுகிறவனுக்கும் செலவில்லை, கேட்கிறவர்களுக்கும் நஷ்டமில்லை. ஏனெனில், யாரும் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதில்லை. ஆகையால் நான் புத்திமதி ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒரு கணக்கு மாத்திரம் சொல்லப் போகிறேன். கணக்குத் தப்பென்று பட்டால் நீங்கள் தாராளமாகத் தள்ளிவிடலாம்.

குடும்பத்தில் நாலு காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் செட்டாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். சரிதான். ஆனால் நம்முடைய வீடுகளில் செட்டு என்றதும் முதலில் எதன்மீது கை வைக்கிறார்கள் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். பாலைக் குறைப்பார்கள், பருப்பைக் குறைப்பார்கள், குழந்தைக்கு வாங்குகிற முட்டையை நிறுத்துவார்கள். ஆண்களெல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுகிற வீட்டுக்காரி தன் வயிற்றைக் குறைத்துக்கொள்வாள். அதுவும் போதாவிட்டால், "பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதும்" என்பார்கள். இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பது பெரிய மோசடியாகும். இது பட்டினி. தேவையைக் குறைப்பது சிக்கனமல்ல. தேவையில்லாததை ஒழிப்பதுதான் சிக்கனம்.

அப்படியானால் தேவையில்லாதது எது என்று கேட்பீர்கள். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. எந்தச் செலவாயிருந்தாலும், "இதைச் செய்யாவிட்டால் நம் வீட்டில் யாருக்கு என்ன குறையும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வயிறு குறையும், உடம்பு குறையும், அறிவு குறையும் என்று பதில் வந்தால், கடன் வாங்கியாவது அந்தச் செலவைச் செய்யுங்கள். அப்படியில்லாமல், "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" என்றோ, "சாமி குற்றமாகிவிடும்" என்றோ பதில் வந்தால், அது தேவையில்லாத செலவு. ஆகவே நம் வீட்டு வீண் செலவுகளுக்கெல்லாம் தாய் தகப்பன் இரண்டே பேர்தான்: ஒன்று பயம், மற்றொன்று பகட்டு.

என் சொந்தக் குடும்பத்துச் சங்கதியையே சொல்லுகிறேன். என் அக்காள் பெரியவளானபோது என் தகப்பனார் பந்தல் போட்டு, ரேடியோ செட்டுக் கட்டி, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு நடத்தினார். கைக்காசு போதாமல் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினார். அந்தக் கடன் தீருவதற்குள் பாட்டனார் இறந்து போனார். கருமாதிக்காக அதன்மேல் ஒரு கடன். கடைசியில் கிணற்றடி நிலம் ஐம்பது சென்ட் கடன்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. நிலம் போனதைக்கூட நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. கையில் காசில்லை என்று அந்த வருஷம் அக்காளை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அவள் பேரால் ஊருக்கெல்லாம் சோறு போடக் காசிருந்தது. அவளுக்கு நோட்டுப் புஸ்தகம் வாங்கக் காசில்லை. அன்று சாப்பிட்டுப் போனவர்களில் ஒருவருக்காவது இன்று அந்த விருந்து ஞாபகமிருக்குமா? என் அக்காளுக்கு ஞாபகமிருக்கிறது. பேரன் கணக்குப் போட உட்கார்ந்தால் இன்றைக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மற்றொன்றும் நான் பார்த்தேன். என் தகப்பனார் நம் இயக்கத்தில் ஈடுபட்டவர். எவன் முன்னாலும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டாதே என்று மேடையில் பேசியவர். ஆனால் கடன் கொடுத்தவர் தெருவில் வந்தால் அவர் கை தானாகவே துண்டுக்குப் போகும். ஜாதியின் பேரால் இறக்க மாட்டேன் என்று சொன்ன துண்டை வட்டியின் பேரால் இறக்கினார். கூட்டத்தில் இருந்த மானம் வீட்டுச் செலவில் போய்விட்டது.

மூன்று வட்டி என்றால் என்ன என்று இளைஞர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000, வருஷம் 36,000. 34 மாதங்களில் 1,02,000 ரூபாய் வட்டியாகக் கட்டியிருப்பீர்கள். முதல் ஒரு லட்சம் அப்படியே நின்றுகொண்டிருக்கும். ஒரு நாள் மேளத்துக்காக மூன்று வருஷம் உழைத்து, பிறகும் கடன்காரனாகவே இருக்கிற புத்திசாலித்தனம் நம்மைத் தவிர வேறு யாருக்கு வரும்?

காதுகுத்து, கிரகப்பிரவேசம், சீமந்தம், ஜாதகம், பரிகாரம், திதி என்று பிறப்பதற்கு முன்பிருந்து செத்ததற்குப் பின்பு வரையில் செலவுக்கு வழி வைத்திருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், தகப்பன் உயிரோடிருக்கும்போது அவருடைய கண் ஆப்பரேஷனுக்கு, "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன பிள்ளை, அவர் செத்த பதினாறாம் நாள் ஊருக்கே விருந்து வைக்கிறான். பார்வையில்லாமல் தடுமாறிய கிழவருக்குக் கொடுக்காத பணத்தை, பார்க்கவே முடியாத பிதிர்லோகத்துக்கு அனுப்புகிறான். அது போய்ச் சேர்ந்ததற்கு ரசீது எங்கே என்று கேட்டால் நம்மை நாஸ்திகன் என்கிறார்கள்.

மொய் வருகிறதே, செலவு ஈடாகிவிடுமே என்று சிலர் சொல்லலாம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். வட்டியில்லாமல் கைமாற்றுக் கிடைக்கிறவரையில் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மொய் நோட்டில் எழுதியது வருமானமல்ல, கடன். வாங்கியதற்கு மேல் சேர்த்துத் திருப்பிச் செய்தாக வேண்டும். கடனை வருமானமென்று நினைத்து ஆட்டுக்கறி விருந்து போட்டால், கறி நாலு மணி நேரத்தில் செரித்துவிடும், நோட்டுச் செரிக்காது.

நிற்க, நகை விஷயத்துக்கு வருகிறேன். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தங்கம் சேமிப்புத்தானே என்பீர்கள். பத்துப் பவுனுக்கு நகை செய்து, சேதாரம் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுனின் விலை கடைப்படி இறங்கும்போதே போய்விட்டது. செய்கூலி வேறு, நூற்றுக்கு மூன்று வரி வேறு. தங்கத்தின் விலை ஏறலாம். இந்தப் பணம் ஒருநாளும் திரும்பி வராது. அட்சய திருதியை அன்று குண்டுமணித் தங்கமாவது வாங்கினால் வீட்டில் பொன் பெருகும் என்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்தால் அன்றைக்குப் பொன் பெருகுவது கடைக்காரர் வீட்டில்தான் என்பது விளங்கும். மேலும், கழுத்தில் கிடக்கிற நகை பெண்ணுக்குச் சொந்தமென்று பேர். அடகுக் கடைக்கு அதைக் கொண்டுபோகிறவன் புருஷன்.

பெண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று தகப்பன்மார்களுக்கு ஆசையிருந்தால், அவளுக்குரிய பங்கைக் கொடுங்கள். பெண்களுக்கும் ஆண்களைப்போலச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 60 வருஷம் கழித்து, 1989-ல் அது தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. 2005-ல் இந்தியா முழுமைக்கும் வந்தது. வரதட்சணையோ 1961-லிருந்து சட்டப்படி குற்றம். இருந்தும் குற்றமானதைக் கடன் வாங்கிக் கொடுக்கிறோம். உரிமையானதைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுக்கிறோம்.

ஆண் தோழர்கள் சிரிப்பதைப் பார்த்தால், நகைப் பேச்சோடு விட்டுவிடுவேன் என்று நினைக்கிறார்கள்போல் தெரிகிறது. பீடி, சிகரெட்டு, வெற்றிலை பாக்கு, கடை டீ என்று நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் என்று வையுங்கள். வருஷத்துக்கு 18,250 ரூபாய். இதில் சாராயக்கடைக் கணக்கை நான் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் சிலர் இந்தப் பந்தலில் உட்கார முடியாது. பெண்ணுக்கு ஒரு புடவை வாங்குவதைப் பற்றிப் பத்துநாள் யோசிக்கிற வீட்டில், இந்தப் பதினெட்டாயிரத்தைப் பற்றி யாராவது ஒருநாள் யோசித்ததுண்டா?

"வாழ்நாளில் ஒரு தடவை நடக்கிற காரியம், சந்தோஷமாகச் செய்ய வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சந்தோஷம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொந்தக் காசில் சிநேகிதர்களைக் கூட்டி, நல்ல சாப்பாடு போட்டுச் சிரித்துப் பேசினால் அது சந்தோஷம். மறுநாள் காலையில் கடன்காரர் வாசலுக்கு வருவார் என்ற நினைப்போடு சிரிப்பது சந்தோஷமா? இன்று இங்கே நடந்ததைப் பாருங்கள். இரண்டு பேரும் நமக்குப் புரிகிற தமிழில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டார்கள், மாலை மாற்றிக்கொண்டார்கள். கால் மணி நேரத்தில் முடிந்தது. அண்ணா முதலமைச்சராயிருந்தபோது 1967-ல் சட்டசபையில் நிறைவேறிய சட்டப்படி இது முழுக்கச் செல்லுபடியான கல்யாணம். மாலையோ, மோதிரமோ, தாலியோ ஏதாவது ஒன்று போதும். புரோகிதரும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். மணமக்களின் முகத்தில் ஏதாவது சந்தோஷம் குறைகிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

மணமக்களே! உங்களுக்கு நான் சொல்லுவது இரண்டே விஷயம். ஒன்று, ஒரு கணக்கு நோட்டுப் போடுங்கள். அதை இருவரும் எழுதுங்கள், இருவரும் பாருங்கள். சம்பாதிக்கிறவன் கணக்கு மறைப்பதும், சமைக்கிறவள் கணக்குக் கேட்கப் பயப்படுவதும் குடும்பமாகாது. இரண்டாவது, மிச்சமாவதைப் பெட்டியில் பூட்டிக் கும்பிடாதீர்கள். நல்ல சாப்பாட்டுக்கும், வைத்தியத்துக்கும், பிறக்கிற குழந்தை ஆணானாலும் பெண்ணானாலும் அது விரும்புகிற மட்டும் படிப்பதற்கும் செலவு செய்யுங்கள். அதற்குச் செலவழிக்க மறுத்துச் சேர்க்கிறவன் கருமி. அதற்காக மற்றதைக் குறைக்கிறவன்தான் சிக்கனக்காரன்.

நாம் சிக்கனமாயிருப்பது பணக்காரராவதற்காக அல்ல. யார் வீட்டு வாசலிலும் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்காமலிருப்பதற்காகவே என்று சொல்லி, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.