அங்கம் அறியும் கல்வி

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழில் ‘மெய்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. உண்மை என்பது ஒன்று. உடல் என்பது மற்றொன்று. நம் இலக்கணம் எழுத்துகளுக்கே உயிர் என்றும் மெய் என்றும் பெயர் சூட்டியது. உயிர் சேர்ந்தால்தான் மெய் இயங்கும் என்பதை, அரிச்சுவடியைக் கையில் எடுக்கும் குழந்தைக்கு முதற் பாடமாகவே முன்னோர் வைத்தனர். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஆறு நிலைகளாகப் பகுத்தபோதும் மெய், நா, மூக்கு, கண், செவி, மனம் என்னும் வரிசையையே அளவுகோலாகக் கொண்டார். உடலை அறிவதே உலகை அறிவதற்குத் தலைவாயில் என்பது இதனால் விளங்கும்.

இன்றைய பொருள் எளியது. ஒரு குழந்தை தன் உடல் உறுப்புகளின் பெயர்களை எவ்வாறு கற்கிறது, வினாடி வினா விளையாட்டாக அவற்றைக் கற்பிப்பதனால் விளையும் நன்மை யாது, வெடித்தொழில் சூழ்ந்த சிவகாசி வட்டாரத்தில் அக்கல்வி ஏன் இன்றியமையாதது என்பனவே அது.

அப்பரடிகள் நடத்திய பாடம்

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு சுவாமிகளுக்கு இறைவன் முதலில் உணர்த்தியது உடலின் வேதனையைத்தான். சூலை நோய் வயிற்றைக் குடைந்து வாட்டியபோது, தமக்கையார் திலகவதியாரின் அருள்மொழி கேட்டுத் திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். நோய் நீங்கப் பெற்றார். பின்னர் உழவாரப் படையைக் கையில் ஏந்திக் கோயில்தோறும் சென்று தொண்டு செய்தார்.

அப்பெருமான் அருளிய பதிகங்களுள் ‘திருவங்கமாலை’ என்பது ஒன்று. நான்காம் திருமுறையில் ஒன்பதாவதாக அமைந்துள்ள அப்பதிகத்தில் பன்னிரண்டு பாடல்கள் உள்ளன. முதல் ஒன்பது பாடல்களும் தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை, ஆக்கை, கால் என உறுப்புக்கு ஒரு பாடலாக நிரல்பட அமைந்தவை. ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய தொண்டு இன்னதென்று அவர் எடுத்துரைக்கிறார். தலை வணங்க வேண்டும். கண் காண வேண்டும். செவி கேட்க வேண்டும். வாய் வாழ்த்த வேண்டும். நெஞ்சு நினைக்க வேண்டும். கை குவிந்து மலர் தூவ வேண்டும். கோயிலை வலம் வாராத உடம்பினாலும் கால்களாலும் பயன்தான் யாது என்று வினவவும் செய்கிறார்.

இதிலே ஓர் அரிய கல்வி நுட்பம் அமைந்திருக்கிறது. தலை, மூக்கு, வாய், நெஞ்சு ஆகிய தனி உறுப்புகளை அடிகள் ஒருமையில் அழைக்கிறார். கண், செவி, கை ஆகிய இரட்டை உறுப்புகளைப் பன்மையில் அழைக்கிறார். இப்பதிகத்தை நாள்தோறும் ஓதும் குழந்தை, உறுப்பின் பெயரையும், அதன் எண்ணிக்கையையும், அது செய்ய வேண்டிய தொழிலையும், தமிழ் விளிவேற்றுமையையும் ஒருங்கே கற்றுவிடுகிறது. இவை அனைத்தும் ஒரே பதிகத்திற்குள் அடங்கிவிட்டன. இறுதிப் பாடலில், தேடிய பொருளைத் தம் உள்ளத்திற்குள்ளேயே கண்டுகொண்டதாக அடிகள் நிறைவு செய்கிறார். உடலைப் பற்றிய பாடம் உள்ளத்தில் சென்று முடிகிறது.

நாவலர் பெருமானின் வினாவிடை

வினாவும் விடையுமாகக் கற்பிக்கும் முறையைச் சைவ உலகில் நிலைநாட்டியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822 - 1879). வண்ணார்பண்ணையில் 1848-ஆம் ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களையும் ‘சைவ வினாவிடை’ என்னும் நூலையும் இயற்றினார். பெரிய சாத்திரக் கருத்துகளையும் சிறு வினாவாக்கி, ஒரு மூச்சில் சொல்லத்தக்க விடையாக்கித் தந்தமையே அந்நூலின் சிறப்பு.

திருக்கோயிலில் வணங்கும் முறையை அந்நூல் கற்பிக்கும் இடம், உண்மையில் உறுப்புகளின் பெயர்ப் பாடமே ஆகும். அட்டாங்க நமஸ்காரம் என்பது தலை, கை இரண்டு, செவி இரண்டு, மோவாய், புயம் இரண்டு ஆகிய எட்டு உறுப்புகளும் நிலத்தில் பொருந்த வணங்குவது. பஞ்சாங்க நமஸ்காரம் என்பது தலை, கை இரண்டு, முழந்தாள் இரண்டு ஆகிய ஐந்தும் பொருந்த வணங்குவது. முன்னது ஆடவர்க்கும், பின்னது மகளிர்க்கும் உரியதென வகுக்கப்பட்டது. கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கும் பேரனிடம், “தம்பி, இப்போது எந்தெந்த உறுப்பு நிலத்தில் பட்டது?” என்று தாத்தா கேட்பாராயின் அங்கேயே வினாடி வினா தொடங்கிவிடுகிறது. மோவாய், புயம், முழந்தாள் என்னும் நல்ல தமிழ்ச் சொற்கள் அக்குழந்தையின் நாவில் என்றும் நிலைக்கும்.

பெயர் சொல்லிக் காக்கும் கவசம்

தென்பாண்டி நாட்டு இல்லங்களில் காலையிலும் மாலையிலும் ஒலிப்பது தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம். உச்சி முதல் உள்ளங்கால் வரையில் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி, வேல் காக்க வேண்டுமென்று அது வேண்டுகிறது. மறைவான உறுப்புகளையும் அது விட்டுவிடவில்லை; கூச்சமின்றி, தூய உள்ளத்தோடு அவற்றையும் பெயர் சொல்லிக் காவல் கேட்கிறது. காசியிலிருந்து இலிங்கம் கொண்டுவந்த தென்காசிப் பாண்டியரோடு சிவகாசித் திருத்தலத்தைத் தொடர்புபடுத்தித் தலவரலாறு கூறும். அத்தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த வரதுங்கராம பாண்டியர் தமிழில் தந்த சிவகவசமும் இவ்வகையைச் சார்ந்ததே.

அருச்சுனா நதியும் வைப்பாறும் சூழ்ந்த இருக்கன்குடியிலும், ஏனைய மாரியம்மன் திருக்கோயில்களிலும் நோய் நீங்கியவர்கள் கண்மலர், கை, கால் முதலிய உருவங்களைக் காணிக்கை செலுத்துவதைக் காணலாம். நலம் பெற்ற உறுப்பின் உருவத்தையே அன்னையின் சந்நிதியில் வைப்பது, எது காக்கப்பட்டது என்பதைப் பெயரோடும் வடிவோடும் நினைத்து நன்றி கூறும் செயல்.

பெயர் தெரிந்த பொருளையே மனிதன் காக்கிறான். இந்த உண்மையே கவசங்களின் உட்பொருள். குழந்தைக் கல்வியின் உட்பொருளும் அதுவே.

சிவகாசியின் கைகள்

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த கரிசல் பூமிக்கு அத்தொழில் சோறிட்டது. தீப்பெட்டிக்கு வேண்டிய முகப்புச் சீட்டுகளால் அச்சுத் தொழில் வளர்ந்தது. பட்டாசுத் தொழிலும் பெருகியது. நாட்டின் தீபாவளி வெளிச்சமும், வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் இவ்வூர்க் கைகளின் உழைப்பே.

அக்கைகளுள் ஒரு காலத்தில் பிஞ்சுக் கைகளும் இருந்தன என்பது மறைக்க இயலாத வரலாறு. எழுதுகோல் பிடிக்க வேண்டிய விரல்கள் தீக்குச்சி அடுக்கின. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தான தொழில்களில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடை செய்தது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபின் மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கெனச் சிறப்புப் பள்ளிகள் தோன்றின. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆபத்தான தொழில்களில் பதினெட்டு வயது நிறையாதோரையும் அமர்த்தலாகாது என்றது.

பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். ஆனால் பெற்றோரின் தொழில் தொடர்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அதன் பின்னரும் விபத்துகள் ஓயவில்லை. ஆகவே இவ்வட்டாரத்தில் ‘கண்’, ‘விரல்’ என்னும் சொற்கள் புத்தகத்துச் சொற்கள் மட்டுமல்ல. ஒவ்வொரு மாலையும் தாயும் தந்தையும் முழுமையாக வீடு திரும்ப வேண்டுமென்று வாசலில் காத்திருக்கும் குழந்தையின் பிரார்த்தனைச் சொற்கள்.

வகுப்பறையில் வினாடி வினா

இத்தகைய குழந்தைகளுக்கு உறுப்புப் பாடத்தை எவ்வாறு நடத்துவது? விளையாட்டே சிறந்த வழி. செயலோடு சேர்த்துக் கற்ற சொல் மறவாது என்பதை 1960-களிலிருந்து ஆய்ந்து, உடல் அசைவின் வழி மொழி கற்பிக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்தார். தமிழகத்தில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022-இல் தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஆடலையும் பாடலையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தன.

விளையாட்டை நான்கு சுற்றுகளாக நடத்தலாம். முதற்சுற்றில் ஆசிரியர் பெயரைச் சொல்ல, பிள்ளைகள் தொட்டுக் காட்ட வேண்டும். நெற்றி, புருவம், இமை, கன்னம், மோவாய், பிடரி, தோள், முழங்கை, மணிக்கட்டு, உள்ளங்கை, புறங்கை, விலா, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் எனச் சொற்கள் மெல்ல மெல்லக் கடினமாகலாம். ஐந்து விரல்களுக்கும் ஐந்து பெயர்கள் உண்டென்பதும் இங்கே வரும்: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், சிறுவிரல்.

இரண்டாம் சுற்று அப்பரடிகள் காட்டிய வழி. தொழிலைச் சொல்லி உறுப்பைக் கேட்க வேண்டும். “மணத்தை அறிவது எது? பெரியோரைக் கண்டால் குவிவது எது? நல்லுரை கேட்பது எது?” என்று வினவலாம்.

மூன்றாம் சுற்று விடுகதை. “எலும்பில்லாதவன், பற்களின் நடுவே குடியிருந்தும் கடிபடாமல் பிழைப்பவன் யார்?” என்றால் நாக்கு என்று ஒரு குழு கூவும். “தூசி வருமுன்னே தாமே மூடிக்கொள்ளும் கதவுகள் எவை?” என்றால் இமைகள் என்று மறுகுழு கூவும்.

நான்காம் சுற்றே சிவகாசிக்கு மிக வேண்டியது. அது காக்கும் சுற்று. “கண்ணில் மருந்துத் தூள் விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?” “கசக்கக் கூடாது. தூய நீரால் நெடுநேரம் கழுவி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.” “கை சுட்டுவிட்டால்?” “ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் வைத்திருக்க வேண்டும். மையோ பற்பசையோ தடவக் கூடாது.” “பெருங்காயமானால்?” “108-ஐ அழைக்க வேண்டும்.” இவ்விடைகளை மாலையில் வீட்டில் சொல்லிக் காட்டும் குழந்தை, பெற்றோருக்கே ஆசிரியராகிறது.

இன்னும் ஒரு காவல் உண்டு. எல்லா உறுப்புகளுக்கும் சரியான பெயரை அறிந்த குழந்தைதான், எங்கே வலிக்கிறது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லும். தகாத முறையில் எவரேனும் தொட்டால் தாயிடம் தயங்காமல் சொல்லும். குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2012-இல் சட்டம் வந்தது. 1098 என்னும் உதவி எண்ணும் இருக்கிறது. ஆயினும் சட்டத்தின் கதவைத் தட்டுவதற்குக் குழந்தைக்குச் சொல் வேண்டும். கவசம் பாடிய அருளாளர் கூசாமல் சொன்ன சொற்களைக் கற்பிக்கப் பெற்றோரும் ஆசிரியரும் கூச வேண்டியதில்லை.

குறை காணாத கல்வி

இவ்விளையாட்டில் ஆசிரியர் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பார்வை குறைந்திருக்கலாம். ஒரு பிள்ளையின் தந்தை விபத்தில் விரல்களை இழந்திருக்கலாம். ‘எல்லோருக்கும் பத்து விரல்கள்’ என்று சொல்லி அப்பிள்ளையைத் தலைகுனிய வைப்பது கல்வியாகாது. தொட்டுக் காட்ட இயலாத பிள்ளையை வினாக் கேட்பவராக நியமிக்கலாம். ஓட இயலாத பிள்ளையை நடுவராக அமர்த்தலாம்.

கயிலை நோக்கிச் சென்ற அப்பரடிகளுக்கு முதலில் பாதங்கள் தேய்ந்தன. கைகளை ஊன்றித் தவழ்ந்தார், கைகளும் தேய்ந்தன. மார்பினால் ஊர்ந்தார், பின்னர் உடலால் புரண்டார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அவயவங்கள் தளர்ந்த அந்நிலையிலும் அவரது பெருமை ஓர் அணுவும் குறையவில்லை. திருவையாற்றில் கயிலைக் காட்சியை இறைவனே காட்டியருளினான். உறுப்பு குறையலாம், அதனால் மனிதனின் மதிப்பு குறைவதில்லை. இவ்வுண்மையையும் உணர்த்துவதே நிறைவான உறுப்புப் பாடம்.

அன்பர்களே! திருக்கோயிலுக்குக் குழந்தைகளை அழைத்து வரும்போது அவர்களிடம் வினா எழுப்புங்கள். தீபாராதனையைக் கண்டது எது, மணியோசையைக் கேட்டது எது, திருநீறு பூசியது எங்கே, தீர்த்தம் ஏந்தியது எதில் என்று கேளுங்கள். கண் என்றும், செவி என்றும், நெற்றி என்றும், உள்ளங்கை என்றும் அவர்கள் மகிழ்ந்து விடை சொல்வார்கள். இறைவன் அளித்த உடம்பைப் பெயரறிந்து போற்றவும், தம் உடம்பைப் போலவே பிறர் உடம்பையும் காக்கவும் அவர்கள் கற்பார்கள். உழைக்கும் கைகளும் காணும் கண்களும் ஊறின்றி நீடுழி வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக!

திருச்சிற்றம்பலம்.