ரிசல்ட்டுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

நூலக வாசகர் வட்டம் கூட்டியிருக்கும் இந்தக் கூட்டத்துக்குப் பிளஸ் டூ முடித்தவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்த சிலரும் அம்மா அப்பாவோடு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சிலரை முன்வரிசைக்கு அழைக்க வேண்டும். இன்று பேசப்போவது முதலில் அவர்களுக்குத்தான்.

1950-இல் ராமேசுவரத்து இளைஞர் ஒருவர் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இன்டர்மீடியட் படிக்கச் சேர்ந்தார். அது முடிந்ததும் அதே கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். வேறு என்ன படிக்கலாம் என்பது தெரியாமலே அதில் சேர்ந்ததாகவும், அறிவியல் மாணவனுக்கு என்னென்ன வேலைவாய்ப்புகள் உண்டு என்ற விவரமும் அப்போது தன்னிடம் இல்லை என்றும் 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் பதிவு செய்திருக்கிறார். தன் துறை இயற்பியல் அல்ல, பொறியியல்தான் என்பது பட்டம் வாங்கிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டிய பணம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். அக்காள் ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைப் படிக்க அனுப்பினார். அந்தத் தம்பிதான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம்.

கலாமுக்கு அறிவும் உழைப்பும் இருந்தன. வளையலைக் கழற்றிக் கொடுக்கும் அன்பும் வீட்டில் இருந்தது. விவரம் மட்டும்தான் இல்லை. எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகும், வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்கு இதே குறைதான் இருக்கிறது. மருத்துவர் வீட்டுப் பையனுக்கு எந்தத் தேர்வுக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சாப்பாட்டு வேளைப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடுகிறது. கட்டடத் தொழிலாளியின் மகளுக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மதிப்பெண்ணில் இருவரும் சமமாக இருந்தாலும் இந்த ஒரு வித்தியாசம் இருவரையும் வெவ்வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இது அந்தப் பெண்ணின் தவறே இல்லை. ஊர் சேர்ந்து சரிசெய்ய வேண்டிய குறை இது.

நாட்காட்டியையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதத்தில் வருகிறது. அன்று மாலைதான் பெரும்பாலான வீடுகளில் 'அடுத்து என்ன?' என்ற பேச்சு தொடங்குகிறது. ஆனால் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு அதற்கு முந்தைய டிசம்பரிலேயே முடிந்திருக்கும். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினின் முதல் கட்டம் ஜனவரியில் முடிந்திருக்கும். தரமணியில் இருக்கும் நிஃப்ட் ஆடை வடிவமைப்பு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் பனிக்காலத்தோடு போயிருக்கும். திருவாரூரில் 2009-இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர 2022 முதல் கியூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு ரிசல்ட் வருவதற்கு வெகு முன்பே பதிவு செய்தாக வேண்டும். பல்கலைக்கழகம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். விண்ணப்பத் தேதி தெரியாத ஒரே காரணத்தால் டெல்டா மாவட்டப் பிள்ளைக்கு அது எட்டாத தூரமாகிவிடுகிறது. வயிறு எரிகிற விஷயம் இது.

இதற்கும் முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. பதினோராம் வகுப்பில் எடுக்கும் குரூப். பதினைந்து வயதில், பெரும்பாலும் அரை நாளில், மதிப்பெண்ணைப் பார்த்துப் பள்ளி சொல்வதை வைத்தோ, தோழி எடுத்ததைப் பார்த்தோ முடிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதம் இல்லாத குரூப் எடுத்த மாணவி பிறகு பொறியியலுக்கு ஆசைப்பட்டால் அந்தக் கணக்கில் அவருக்கு இடமில்லை. கட்டடக்கலைக்கும் கணிதம் வேண்டும். உயிரியல் இல்லாவிட்டால் மருத்துவம் இல்லை.

அதற்காக காமர்ஸ் குரூப் எடுத்தவர் எல்லாவற்றையும் இழந்துவிட்டார் என்று பொருளல்ல. ஊரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது தவறு. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். நிஃப்ட் நிறுவனத்தின் வடிவமைப்புப் படிப்புக்கும் அப்படியே. சி.ஏ. பவுண்டேஷனை பிளஸ் டூ முடித்ததும் எழுதலாம். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் செய்முறைப் பயிற்சிக்காலம் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. அரசு வேலைக்கான குரூப்-1, சிவில் சர்வீஸ் தேர்வுகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். தேசியப் பாதுகாப்பு அகாடமியின் தரைப்படைப் பிரிவுக்கும் குரூப் தடையில்லை. 2022 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அறிவியல் குரூப் எடுத்தவர்களுக்கும் பொறியியல், மருத்துவம் தாண்டி வழிகள் உண்டு: சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம், கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி, சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் சிபெட், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடல்சார் பல்கலைக்கழகம் என எல்லாம் நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. இவற்றில் எத்தனை பெயர் நம் ஊர்ப் பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது?

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் ஜூலை, ஆகஸ்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பாருங்கள். கையில் சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் அடங்கிய பிளாஸ்டிக் கவரோடு அப்பா நின்றுகொண்டிருப்பார். மகன் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் படிக்கப் படிக்க, கணினி முன் இருப்பவர் தட்டிக்கொண்டே போவார். வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள். மதிப்பெண்ணுக்கு எட்டும் இடங்களில், மாணவர் கொடுத்த பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைத்தான் கலந்தாய்வு மென்பொருள் ஒதுக்கும். நல்ல கல்லூரி பதினைந்தாவது இடத்திலும், பெயர் மட்டுமே கேள்விப்பட்ட கல்லூரி நான்காவது இடத்திலும் இருந்தால் நான்காவதுதான் கிடைக்கும். வரிசையே முடிவு என்பதை அந்தப் பையனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் பன்னிரண்டு ஆண்டு படித்ததன் பலன் அந்த அரை மணி நேரத்தில் தீர்மானமாகிறது. அந்தப் பட்டியலை வீட்டில், ஒரு வாரம் முன்பே, ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து காகிதத்தில் எழுதி எடுத்துப்போனால் போதும்.

பட்டியல் எழுதும்போது எதைப் பார்ப்பது? கடைத்தெரு பிளெக்ஸ் பேனரில் ஒரு மாணவரின் படமும் பெரிய சம்பளத் தொகையும் இருக்கும். அது ஒருவருடைய சம்பளம். அந்த வகுப்பில் படித்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். வேலையே கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதைப் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, ஆய்வகத்தில் கருவிகள் இயங்குகின்றனவா, ஆசிரியர்கள் ஆண்டு முழுக்க நிலைக்கிறார்களா என்று கேட்பது நல்லது.

ரிசல்ட்டுக்கு முன்பே முன்பணம் கட்டச் சொல்லும் ஏஜென்டுகளிடம் அவசரப்பட வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிப்பு. இதைத் தைரியமாகச் சொல்லிக் கேட்கலாம்.

'இப்போது எதற்கு மவுசு?' என்ற கேள்வியில் ஓர் ஆபத்து இருக்கிறது. இன்று சேரும் மாணவர் வேலைக்கு வருவது நான்கு ஆண்டு கழித்து. 2005-இல் ஐ.டி. வேலை உச்சத்தில் இருந்தபோது சேர்ந்தவர்கள் 2009-இல் வெளியே வந்தார்கள். அப்போது உலகப் பொருளாதார நெருக்கடி. வேலை உத்தரவு கையில் இருந்தும் சேரும் தேதிக்காகப் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே காலத்தில் மாவட்டம்தோறும் முளைத்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் பல பிறகு மூடப்பட்டன. நகையை விற்று அங்கே படித்த பெண்கள் எத்தனையோ பேர் இன்று ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். மவுசைப் பார்த்து எடுத்த முடிவின் விலையைக் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

தப்பான இடத்தில் சேர்ந்தவருக்கு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1971-இல் இயற்பியலில் பட்டம் வாங்கி, 1976-இல் அதிலேயே முனைவர் பட்டமும் பெற்றார். பிறகு தன் ஆர்வம் உயிரியலில் என்று கண்டு மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். ரைபோசோம் ஆராய்ச்சிக்காக 2009-இல் அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல்.

பாலிடெக்னிக் என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோருக்கு விழுப்புரத்து வீரமுத்துவேலைச் சொல்ல வேண்டும். ரயில்வே ஊழியரின் மகன். ரயில்வே பள்ளியில் படித்து, இயந்திரவியல் டிப்ளமோ முடித்து, பிறகு பி.இ., திருச்சியில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநர் அவர். டிப்ளமோ முடித்தவர் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்ற வழி இன்றும் திறந்தே இருக்கிறது.

பணத்துக்கும் வழி உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்விக் கடன் வாங்குபவர்கள் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். இந்தச் சலுகைகளுக்கான சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வைத்துவிட்டால் ஜூன் மாதம் தாலுகா அலுவலக வாசலில் கால்கடுக்க நிற்க வேண்டாம்.

இந்த வாசகர் வட்டத்திடம் ஒரு வேண்டுகோள். நூலக வாசலில் நாளிதழ் மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வையுங்கள். எந்த மாதம் எந்தத் தேர்வுக்கு விண்ணப்பம், கடைசித் தேதி எது, கட்டணம் எவ்வளவு என்று எழுதி, ஒவ்வொரு மாதமும் மாற்றுங்கள். இந்த ஊரிலிருந்து படித்துப் போன வழக்கறிஞர், செவிலியர், கால்நடை மருத்துவர், கப்பல் பணியாளர் விடுமுறைக்கு வரும்போது ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நூலக மேசையில் உட்காரச் சொல்லுங்கள். முதல் கூட்டத்தைப் பதினோராம் வகுப்புச் சேர்க்கை முடிவதற்குள் வைத்துவிடுங்கள். ஓரமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் இன்று இரவே, அவர்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்குள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.