காணாக்கடியும் சுவர்ப் பூசணமும்



உடம்பில் திடீரென்று தடிப்புத் தடிப்பாக எழும்பும். அரிப்புத் தாங்காது. சில மணி நேரத்தில் மறையும். மறுபடி வேறு இடத்தில் எழும்பும். இதைக் காணாக்கடி என்கிறோம். ஏதோ கண்ணுக்குத் தெரியாமல் கடித்துவிட்டது என்று நினைத்து வைத்த பெயர். தோலில் உள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடுவதால்தான் இந்தத் தடிப்பு. இது தொற்றுநோய் அல்ல.

6 வாரத்துக்கு மேலும் வந்து வந்து போனால் அது நாள்பட்ட காணாக்கடி.

"சுவரெல்லாம் பூசணம் பூத்திருக்கிறது. அதனாலா?" என்று மழைக்காலத்தில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மும்பையிலும் கேரளத்திலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் காயாது. சுவர், பாய், செருப்பு எல்லாவற்றிலும் பூசணம் படரும். அதன் நுண்ணிய தூள் மூச்சில் போனால் சிலருக்குத் தும்மல், இளைப்பு வரும். ஆனால் நாள்பட்ட காணாக்கடிக்குப் பூசணம் காரணமாக இருப்பது அபூர்வம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஈர வைக்கோலைப் பிடுங்கும்போதெல்லாம் உடனே தடிக்கிறதா? தும்மலும் சேர்ந்து வருகிறதா? அப்படியானால் சந்தேகப்படலாம். காய்ந்த வீட்டில் 10 நாள் தங்கியும் தினமும் தடித்தால், சுவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் உடம்பைத் தாக்குகிறது. பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

காரணம் தெரியாதபோது எல்லோரும் சாப்பாட்டின் மேல்தான் பாய்கிறார்கள். கத்தரிக்காய் கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது என்கிறார்கள். கடைசியில் ரசஞ்சோறுதான் மிச்சம். பால் கொடுக்கும் தாயையும் இப்படிப் பட்டினி போடுகிறோம்! தடிப்பும் நிற்பதில்லை, ரத்தமும் குறைகிறது. ஒரு பொருளைத் தின்ற ஒவ்வொரு முறையும் சிறிது நேரத்தில் தடித்தால் மட்டும், அதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

காரணம் தெரியாவிட்டாலும் மருந்து உண்டு. செட்டிரிசின் போன்ற மாத்திரையை டாக்டர் சொன்னபடி தினமும் சாப்பிட வேண்டும். அரிக்கும்போது மட்டும் போட்டால் போதாது. சிலருக்குத் தூக்கம் வரும். அவர்கள் வண்டி ஓட்டக் கூடாது, மரம் ஏறக் கூடாது. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்குத் தடிப்பை அதிகமாக்கும்.

பூசணத்தையும் விட்டுவைக்க வேண்டாம். இளைப்பு உள்ளவர்களுக்கு அது கெடுதல். முதலில் கூரை ஒழுகலை அடையுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் தூள் பறக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள்.

ஒரே தடிப்பு ஒரு நாளுக்கு மேல் மறையாமல் வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நாக்கு, தொண்டை வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நடு இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.