மழைநாளில் நின்றுபோகும் வைப்பர்: பழுதைக் கண்டறிதலும் திருத்துதலும்

(சமூக நிலையத்தில் தமிழ் பேசும் குடியிருப்பாளர்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தில் கார் ஓட்டுபவர் எவரும் மழையை எதிர்பாராமல் வீட்டைவிட்டுப் புறப்பட முடியாது. இரவு வேலை முடிந்து திரும்புபவரும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்பவரும், முதியவரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்பவரும் முகப்புக் கண்ணாடியில் அசையும் இரண்டு ரப்பர் பட்டிகளையே நம்பியுள்ளனர். மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் கார் முற்றாக நிற்பதற்கு 23 மீற்றர் தேவை என்றும், ஈரமான வீதியில் அத்தூரம் குறைந்தது இரு மடங்காகும் என்றும் இந்நாட்டின் வீதி விதிக்கோவை கூறுகிறது. நிற்கும் தூரம் கூடும் வேளையில் பார்வையும் மறைந்தால் விளைவு என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

வைப்பர் ஒழுங்காக இயங்கவேண்டும் என்பது சட்டமும் ஆகும். 1986ஆம் ஆண்டின் வாகனக் கட்டமைப்பு மற்றும் பயன்பாட்டு ஒழுங்குவிதிகள் அதனை வலியுறுத்துகின்றன. வருடாந்த எம்.ஓ.டி. பரிசோதனையிலும் வைப்பரும் கண்ணாடி கழுவும் நீர்த்தாரையும் சோதிக்கப்படுகின்றன.

ஆயினும், பழுது ஏற்பட்டதும் பலர் கராஜில் சொல்வது “வைப்பர் வேலை செய்யவில்லை” என்ற ஒரு வாக்கியம் மட்டுமே. அதற்குக் கிடைக்கும் பதில் சில வேளைகளில் புதிய மோட்டாராக அமைந்துவிடுகிறது. உண்மையான பழுதோ தளர்ந்த ஒரு நட்டாகவோ, எரிந்த ஒரு ஃபியூஸாகவோ இருக்கக்கூடும். ஆகவே, எது அசைகிறது, எது அசையவில்லை, என்ன ஓசை கேட்கிறது என்பவற்றைக் கவனிப்பதே திருத்தத்தின் முதற்படியாகும்.

அமைப்பு

சிறிய கார்களில் பொதுவாக ஒரே மோட்டார் இரண்டு வைப்பர்களையும் இயக்குகிறது. மோட்டாரின் சுழற்சியை இரும்புத் தண்டுகள் இடம்வலமான அசைவாக மாற்றுகின்றன. அத்தண்டுகள் கண்ணாடியின் அடியிலுள்ள இரண்டு சுழல் அச்சுகளைத் திருப்புகின்றன. ஒவ்வோர் அச்சின் முனையிலும் வைப்பர் கை ஒரு நட்டினால் இறுக்கப்பட்டுள்ளது. எனவே பழுது ரப்பர் பட்டியிலோ, தண்டு, அச்சு முதலான இணைப்புகளிலோ, மின்சாரத்திலோதான் இருக்கவேண்டும்.

அறிகுறிகள் கூறுவன

வைப்பர் அசைந்தும் கண்ணாடியில் கோடுகள் விழுந்தாலோ, கை துள்ளித் துள்ளிச் சென்றாலோ, பழுது பெரும்பாலும் ரப்பரிலோ கண்ணாடியின் எண்ணெய்ப் படலத்திலோ உள்ளது. முதலில் இரண்டையும் ஈரத்துணியால் நன்கு துடைத்துப் பார்க்கவேண்டும். ரப்பர் கிழிந்தோ இறுகியோ இருப்பின் அதே நீளமுள்ள புதிய பட்டியை மாற்றலாம். மாற்றும்போது வெறும் கை கண்ணாடியில் அறைந்து வெடிப்பை ஏற்படுத்தாதவாறு தடித்த துணி ஒன்றை விரித்துவைப்பது அவசியம்.

ஒரு வைப்பர் இயங்க மற்றையது அசையாதிருந்தால் மோட்டாரைக் குறைகூற முடியாது. அசையாத கையின் அடியிலுள்ள மூடியைக் கழற்றி நட்டு தளர்ந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். உறைபனியில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட வைப்பரை இயக்கினால் இவ்வாறு நேர்வதுண்டு. கையைச் சரியான ஓய்வு நிலையில் வைத்து நட்டை இறுக்கினால் பழுது தீர்ந்துவிடலாம்.

மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் இரண்டும் அசையாவிடின், மோட்டாரிலிருந்து புறப்படும் தண்டின் மூட்டு கழன்றிருக்கக்கூடும். ஓசையே இல்லாவிடின் மின்சாரத்தைச் சோதிக்கவேண்டும். வாகனக் கையேட்டைப் பார்த்து ஃபியூஸைக் கண்டறிந்து, எரிந்திருப்பின் அதே அம்பியர் அளவுள்ளதையே இடவேண்டும். பெரிய ஃபியூஸை இடுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். ஃபியூஸ் நல்ல நிலையில் இருந்தால், ஆளியை இயக்கியவாறு மோட்டாரின் மின் இணைப்பில் மல்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம். 12 வோல்ட் அளவில் மின்சாரம் வந்தும் மோட்டார் சுழலாவிடின் மோட்டாரையோ அதன் எர்த் இணைப்பையோ சந்தேகிக்கலாம். மின்சாரமே வராவிடின் ரிலேயும் ஆளியும் சோதிக்கப்படவேண்டும்.

மெதுவாக அசையும் வைப்பர்

அதிகம் தவறாகக் கணிக்கப்படுவது இப்பழுதுதான். வைப்பர் நாளுக்கு நாள் மந்தமாகி, ஒருநாள் கண்ணாடியின் நடுவில் நின்றுவிடுகிறது. மோட்டார் பலவீனமாகிவிட்டது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கண்ணாடியின் அடியிலுள்ள பள்ளத்தில் இலையுதிர் காலத்தில் இலைகள் சேர்ந்து நீர் வழிந்தோடும் துளையை அடைத்துவிடுகின்றன. தேங்கிய நீரினால் சுழல் அச்சுகள் துருப்பிடித்து இறுகுகின்றன. இறுகிய அச்சைத் திருப்ப முயலும் மோட்டார் சூடேறி ஃபியூஸை எரிக்கிறது. அச்சைக் கவனியாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால், புதிய மோட்டாரும் அதே சுமையைத் தாங்க நேரிடும்.

இதைக் கண்டறிவது எளிது. முதலில் சாவியை எடுத்துவிட்டு, பற்றறியின் இணைப்பையும் துண்டிக்கவேண்டும். எதிர்பாராமல் இயங்கும் தண்டுகள் விரல்களை நசுக்கிவிடும். வைப்பர் கைகள் ஓய்வில் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் ஒட்டுநாடாவால் குறித்துக்கொண்டு அவற்றைக் கழற்றவேண்டும். பின்னர் தண்டுகளை மோட்டாரிலிருந்து பிரித்து, அச்சுகளைக் கையால் திருப்பிப் பார்க்கவேண்டும். இலகுவாகத் திரும்பாத அச்சே பழுதின் மூலம். துருநீக்கும் எண்ணெய் இட்டு, முன்பின்னாக அசைத்துத் தளர்த்தி, துடைத்துக் கிரீஸ் பூசினால் பல வேளைகளில் அது மீண்டும் இயங்கும். மிகவும் தேய்ந்திருப்பின் இணைப்புத் தொகுதியை மாற்றவேண்டும்.

கராஜுக்குச் செல்லும்போது

இவ்வேலையைத் தாமே செய்ய இயலாதவர்களும் அறிகுறியைத் தெளிவாகச் சொல்லலாம். “ஓசை கேட்கிறது, ஆனால் அசையவில்லை”, “வலப்பக்கம் மட்டும் நின்றுவிட்டது” என்பன போன்ற வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி எடுத்துச் செல்வது நன்று. அச்சுகள் சோதிக்கப்பட்டனவா என்று கேட்பதும், செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுவதும், மாற்றிய பழைய பாகத்தைக் காட்டுமாறு கோருவதும் பயன்தரும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி, சேவை நியாயமான கவனத்துடனும் திறனுடனும் வழங்கப்படவேண்டும். பிணக்கு ஏற்படின் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவிச் சேவையை நாடலாம்.

இறுதியாக, ஓட்டத்தின் நடுவே வைப்பர் நின்றுவிட்டால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தி, அபாய விளக்குகளை ஒளிரச் செய்து உதவியை அழைக்கவேண்டும். வீடு அருகில்தானே என்று தொடர்வது எவருக்கும் நன்றன்று. மாதம் ஒருமுறை இலைகளை அகற்றுவதும், உறைபனி இரவுகளில் இயந்திரத்தை நிறுத்துமுன் வைப்பரை நிறுத்துவதும், காலையில் பனியைச் சுரண்டி நீக்கிய பின்பே அதை இயக்குவதும் இத்தகைய நிலை வராமற் காக்கும் எளிய பழக்கங்களாகும்.