கொலு பொம்மை ஆர்டர்கள் எங்கே குறைந்தன?

பருவகாலத்தில் மட்டும் விலைபோகும் ஒரு பொருளுக்கு இணையவழி ஆர்டர்கள் திடீரெனக் குறையும்போது, விற்பவர்கள் பெரும்பாலும் விலையைக் குறைப்பதிலோ விளம்பரச் செலவைக் கூட்டுவதிலோ உடனே இறங்கிவிடுகிறார்கள். ஆனால் குறைவு எந்த இடத்தில் நேர்ந்தது என்பதை அறியாமல் அதன் காரணத்தை அறிய இயலாது. கொலு பொம்மை வணிகம் இதற்குத் தக்க சான்றாகும். மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி, காஞ்சிபுரம், பண்ருட்டி முதலிய ஊர்களில் களிமண்ணாலும் காகிதக்கூழாலும் உருவாகும் இப்பொம்மைகளுக்கான உழைப்பு பல மாதங்கள் நீண்டாலும், விற்பனை நவராத்திரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. தவறான கணிப்பை நம்பி வணிகர் கொள்முதலை நிறுத்துவாராயின், அச்சில் வார்த்து, உலர்த்தி, வண்ணம் தீட்டிய பொம்மைகள் கைவினைஞரின் வீட்டிலேயே தேங்கிவிடும் என்பதால், இந்த ஆய்வில் நேரும் பிழையின் சுமை அதில் சிறிதும் பங்கில்லாதவர் மீதே விழுகிறது.

முதலில், குறைவு உண்மையானதுதானா என்பதை உறுதி செய்ய வேண்டும். விஜயதசமி 2023இல் அக்டோபர் 24 அன்றும், 2024இல் அக்டோபர் 12 அன்றும், 2025இல் அக்டோபர் 2 அன்றும் வந்தது. 2023 அக்டோபர் முதல் வாரத்தில் மக்கள் பொம்மை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024இல் அதே வாரத்தில் படிகட்டிக் கொலுவே தொடங்கிவிட்டது. இவ்விரு வாரங்களையும் தேதிக்குத் தேதி ஒப்பிடுபவருக்கு விற்பனை சரிந்ததாகத் தோன்றும். உண்மையில் அது செப்டம்பருக்கு நகர்ந்திருக்கும். ஆகவே, பண்டிகைக்கு இத்தனை நாள் முன்பு என்று பின்னோக்கி எண்ணி ஒப்பிடுவதே முறையாகும்.

அவ்வாறு ஒப்பிட்ட பின்னும் குறைவு தெரிந்தால், வாங்குபவர் கடந்துவரும் வழியைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதை மாற்று விகிதம் என்பர். வருகையே குறைந்திருந்தால் தேடுதளத்திலோ விளம்பரத்திலோ காரணத்தைத் தேடலாம். வருகை குறையாமல் மாற்று விகிதம் மட்டும் விழுந்திருந்தால் காரணம் பக்கத்துக்குள்ளேயே இருக்கக்கூடும்: தசாவதார செட்டைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் இட்டவர், பின்கோடு கொடுத்த பிறகே கனத்துக்கேற்ற அனுப்புக் கட்டணத்தைக் கண்டு விலகியிருக்கலாம், பணம் செலுத்தும் கட்டத்தில் யுபிஐ பரிவர்த்தனை முறிந்திருக்கலாம். கைபேசியில் தாமே ஓர் ஆர்டரை இறுதிவரை இட்டுப் பார்க்கும் எளிய சோதனையைப் பலர் செய்வதே இல்லை என்பது வருந்தத்தக்கது.

மொத்த எண்ணிக்கை மறைப்பதை இடவாரியான பகுப்பு காட்டிவிடும். 2025இல் நிகழ்ந்தது இதை நன்கு விளக்குகிறது. 800 டாலர் வரை மதிப்புள்ள சிறு பொதிகளைத் தீர்வையின்றி அனுமதித்துவந்த, ‘டி மினிமிஸ்’ எனப்படும் சலுகையை அமெரிக்கா அவ்வாண்டு ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. தீர்வையை எவர் வசூலித்துச் செலுத்துவது என்பதில் தெளிவில்லாத நிலையில், இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அந்நாட்டுக்கான பெரும்பாலான பொதிகளை ஏற்பதை நிறுத்திவைத்தது. 27ஆம் தேதி முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் தீர்வையும் 50 விழுக்காடானது. செப்டம்பர் பிற்பகுதியில் கொலு வைக்கவிருந்த அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொம்மைகள் புறப்பட வேண்டிய வாரங்கள் அவையே. அங்கிருந்து வரும் ஆர்டர்களை நம்பிய ஒரு வணிகர், பொம்மையின் தரத்தையோ விலையையோ ஆர்டர் குறைவுக்குக் காரணமாக்கினால், உள்ளூர் வாங்குவோருக்கும் தேவையின்றித் தள்ளுபடி அளித்து இருமடங்கு இழப்பார். நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தவரோ, உள்ளூர் விலையைத் தொடாமல், தனியார் கூரியரில் தீர்வையையும் சேர்த்த மொத்தத் தொகையை முன்கூட்டியே தெரிவித்து, எடை குறைந்த காகிதக்கூழ் பொம்மைகளை முன்னிறுத்த முடியும்.

அமெரிக்காவுக்கான அஞ்சல் சேவை 2025 அக்டோபர் 15 அன்று மீண்டும் தொடங்கியபோது விஜயதசமி கடந்து ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகிவிட்டிருந்தன. எனவே அடுத்த பருவத்துக்கான கொள்முதலைத் திட்டமிடும்போது, அமெரிக்க ஆர்டர்களுக்கு 2025இன் கணக்கை மட்டும் அடிப்படையாகக் கொள்ளாமல் 2024இன் கணக்கையும் உடன்வைத்து, புதிய தீர்வை அன்று எவ்வளவு என்பதைச் சேர்த்தே விளாச்சேரிக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும்.