கணக்கில் வராத சைக்கிள்

திருமுருகன்பூண்டியில் காலை எட்டு மணிக்கு அவிநாசி சாலையைப் பார்த்தால் திருப்பூரின் தொழில் எப்படி ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். ஆள் ஏற்றிப் போகும் பனியன் கம்பெனி வேன்கள், ரோல் ரோலாகத் துணி அடுக்கிய டெம்போக்கள், சாயப்பட்டறைக்குப் போகும் லாரிகள். இவற்றுக்கு இடப்பக்கத்தில், வெள்ளைக் கோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே கிடைக்கிற ஓரடி இடத்தில் சைக்கிள்கள் போகும். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் மாட்டியபடி செக்கிங் வேலைக்குப் போகிறவர்கள், சீருடையில் பிளஸ் ஒன் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டும் இளைஞர்கள். 2024-25ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த வட்டாரம் இது. அந்த ஆடையைத் தைப்பவர் வேலைக்கு வந்து சேர இந்த ஓரடிதான் ஒதுக்கியிருக்கிறோம். அதுவும் யாரும் முறைப்படி ஒதுக்கியதல்ல, மிஞ்சிக் கிடப்பது.

சாலையில் மிஞ்சும் இந்த இடமும் ரயில் பாதையைத் தாண்டும் இடத்தில் காணாமல் போகிறது. 1862இல் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாகப் பேப்பூர் வரை பாதை போட்டபோது திருப்பூர் ஒரு சிற்றூர். இன்று அந்தத் தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. பழைய பேருந்து நிலையமும் கடைவீதியும் தெற்கே. அவிநாசி சாலை, பி.என். சாலை, திருமுருகன்பூண்டி எல்லாம் வடக்கே. வேலைக்கோ படிப்புக்கோ மருத்துவமனைக்கோ போகிறவர்களில் பெரும்பகுதியினர் ஏதாவது ஓர் இடத்தில் இதைக் கடந்தாக வேண்டும். எங்கே, எப்படிக் கடப்பது என்பதை முடிவு செய்வது பணம். அந்தப் பணம் எந்தக் கணக்கை வைத்து ஒதுக்கப்படுகிறது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

ஒரு ரயில்வே கேட் எவ்வளவு முக்கியமானது என்பதை அளக்க ரயில்வே ஒரு பெருக்கல் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, அங்கே கடக்கும் சாலை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். நூறு ரயில், ஆயிரம் வண்டி என்றால் ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தைத் தாண்டினால் மேம்பாலத்துக்கு ரயில்வேயும் மாநில அரசும் பாதிப் பாதிச் செலவு செய்வது நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. இனிதான் கவனிக்க வேண்டியது. இந்தக் கணக்கில் மோட்டார் வண்டி ஒன்று. மாட்டுவண்டியும் ஒன்று. ஆட்டோவும் சைக்கிள் ரிக்‌ஷாவும் அரை. சைக்கிளுக்கு எண் கிடையாது. நடந்து போகிறவருக்கும் கிடையாது. ஐந்நூறு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு கேட்டைக் கடந்தாலும், ஏட்டில் அங்கே யாரும் கடக்கவில்லை. எண்ணப்படாதவர்களுக்கு எஸ்டிமேட்டில் இடம் எப்படி வரும்?

விளைவு, கட்டப்படும் பாலத்தின் வடிவத்திலேயே தெரிகிறது. மின்கம்பி ஓடும் பாதை என்பதால் தண்டவாளத்துக்கு மேல் ஆறு மீட்டருக்கும் கூடுதலாக இடைவெளி விட வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் சாலை ஏறத்தாழ எட்டு மீட்டர் மேலே ஏறுகிறது. முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் ஏற, இரு பக்கமும் தலா 240 மீட்டர் வேண்டும். வேனுக்கு அது அரை நிமிடம். பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு இரவு எட்டரைக்குத் திரும்புகிறவருக்கு அது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டிய மேடு. கைப்பிடிச் சுவரை ஒட்டி, பின்னால் லாரி விளக்கு துரத்த. அதனால்தான் பாலம் வந்த பிறகும் பழைய கேட் இருந்த இடத்தில் ஆட்கள் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறார்கள். ரயில்வே சட்டப்படி அது அத்துமீறல், சிறைத்தண்டனைகூட உண்டு. ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு 2012இல் தந்த அறிக்கையில், இப்படித் தண்டவாளத்தில் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் உயிரிழப்பதாகக் கணித்தது. அத்தனை பேரும் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பதினைந்து நொடிக்குப் பதிலாக அரை கிலோமீட்டர் சுற்று என்றால் மனிதர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது பாலம் கட்டுகிறவர்களுக்குத் தெரியாததல்ல.

நான் முன்வைப்பது ஒன்றுதான். கேட்டை மூடிப் பாலம் கட்டும்போது, நடப்பவருக்கும் சைக்கிளுக்குமான சிறு சுரங்கப்பாதையும், அதன் இரு பக்கமும் அரை கிலோமீட்டருக்கு நடைபாதையும் சைக்கிள் தடமும் அதே எஸ்டிமேட்டில், அதே ஒப்புதலில் இருக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று தள்ளினால் அது வராது. ஆளுக்கும் சைக்கிளுக்கும் மூன்று மீட்டர் உயரம் போதும். எட்டு மீட்டர் ஏறுவதைவிட அதில் பாதி ஆழம் இறங்கி ஏறுவது உடம்புக்கும் எளிது, செலவும் பாலத்தோடு பார்க்கச் சிறியது. நெதர்லாந்தில் ரயில் பாதைக்கு அடியில் சைக்கிளுக்கென்றே சுரங்கப்பாதைகள் இருப்பது இந்த எளிய கணக்கினால்தான்.

மழை பெய்தால் சுரங்கப்பாதை குளமாகிவிடுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரிக்காக ஆழமாகத் தோண்டிய பாதையில் தண்ணீர் சீக்கிரம் நிற்கும். சைக்கிள் பாதையின் தரை அதைவிட உயரத்தில் இருப்பதால் வடிகாலும் பம்பும் வைப்பது சுலபம். ஆனால் பம்பை ஓட்டவும், விளக்கை எரிய வைக்கவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் இருட்டான சுரங்கத்தில் இறங்க மாட்டார்கள், இறங்கவும் கூடாது. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிய வேண்டும். வளைவு வைத்துக் கட்டினால் அந்தச் செலவு வீண். சைக்கிளை இப்போது யார் ஓட்டுகிறார்கள், எல்லோரும் மொபெட்டுக்கு மாறிவிட்டார்களே என்பது இன்னொரு வாதம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய ஐந்து லட்சம் விலையில்லா மிதிவண்டிகள் தருகிறது தமிழக அரசு. 200 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஒரு துறை சைக்கிள் வாங்கித் தருகிறது, இன்னொரு துறை அதை ஓட்ட இடமில்லாமல் சாலை போடுகிறது. வண்டியைப் பார்த்துப் பயந்து பெற்றோர் அந்தச் சைக்கிளைத் திண்ணையில் நிறுத்திவைத்தால், சைக்கிள் ஓட்ட ஆளில்லை என்று அதையே காரணமும் காட்டுகிறோம்.

சாலையில் அகலம் இல்லை என்பது மூன்றாவது தடை. ஊர் முழுக்கத் தடம் போடச் சொன்னால் அது சரி. கேட்டை ஒட்டிய அரை கிலோமீட்டருக்குக் கேட்கிறோம். அங்கும் இடமில்லையென்றால் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கட்டுப்படுத்தலாம். வேகத்தடைக்கும் பலகைக்கும் கோடிகள் தேவையில்லை.

பணத்தைவிடப் பெரிய சிக்கல், பொறுப்பு பிரிந்து கிடப்பது. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. தெருவிளக்கும் சாக்கடையும் 2021இல் நகராட்சியான திருமுருகன்பூண்டியுடையவை. தண்டவாளம் ரயில்வேயுடையது. இதன் விலையைக் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பார்த்தோம். 2025 ஜூலை 8 காலை, பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் மூவர் இறந்தார்கள். முழுச் செலவையும் தானே ஏற்று அங்கே சுரங்கப்பாதை கட்ட ஒப்புக்கொண்டிருந்ததாகவும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாக வரவில்லை என்றும் தெற்கு ரயில்வே அன்றே சொன்னது. தாமதம் யார் தவறு என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பணம் இருந்தும் பாதை வரவில்லை. விபத்துக்குப் பிறகு, கேட்டைச் சிக்னலோடு இணைப்பதற்கான வரம்பு 20,000த்திலிருந்து 10,000ஆகக் குறைக்கப்பட்டது. நல்லது. ஆனால் அதுவும் அதே பெருக்கல் கணக்குத்தான். சைக்கிளுக்கு இன்னும் எண் கிடைக்கவில்லை.

சட்டம் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. நடப்போருக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் விதிகள் வகுக்குமாறு அக்டோபரில் மாநிலங்களுக்கு ஆறு மாதக் கெடு விதித்தது. தீர்ப்பு எஸ்டிமேட்டாக மாற யாராவது கேட்க வேண்டும். திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. உங்கள் பகுதியில் ரயில்வே பாலமோ சாலை விரிவாக்கமோ வருகிறதென்றால், ஒரு மனு எழுதிக் கொடுங்கள். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை எத்தனை சைக்கிள், எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள் என்று நீங்களே எண்ணி, அந்தத் தாளையும் மனுவோடு இணையுங்கள்.