ஒரே வரிசையில் நின்ற பிறகு

(நமது அறக்கட்டளை தென்காசியில் நடத்திய கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்த மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவோம். இந்த ஆண்டு அமெரிக்கக் கறுப்பின மக்களின் சரித்திரத்தைப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். தென்காசியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இரண்டு. அந்த மக்களின் சரித்திரத்தில் நம் மார்க்கத்துக்கும் பங்கு இருக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. அடுத்தது, அவர்கள் பட்ட பாட்டைப் போன்ற ஒன்று நம் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. அந்த விஷயத்தில் நாம் செய்ய வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

ஓதப் படித்த அடிமை

1807-ஆம் ஆண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய செனகல் நாட்டுப் பக்கம், ஃபூட்டா டோரோ என்ற பகுதியில் உமர் இப்னு சயீத் என்றொரு மனிதர் இருந்தார். இருபத்தைந்து வருடம் உஸ்தாதுகளிடம் ஓதியவர். ஒரு படையெடுப்பில் பிடிபட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு, அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடுமைக்கார எஜமானிடமிருந்து தப்பி ஓடியபோது பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். சிறைச் சுவரில் அவர் அரபியில் எழுத ஆரம்பித்தார். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. அடிமைக்கு எழுத்துத் தெரியும் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை.

1831-ல் அவர் தன் வாழ்க்கைக் கதையை அரபியில் எழுதினார். அமெரிக்காவில் அடிமையாக இருந்தவர் அரபியில் எழுதிய சுயசரிதை அது. இன்று அந்நாட்டின் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதை அவர் எப்படித் தொடங்கினார் தெரியுமா? நம் பிள்ளைகள் இரவில் ஓதுகிற சூரத்துல் முல்க்கை, மனப்பாடத்திலிருந்து எழுதித் தொடங்கினார். ஆட்சியும் உடைமையும் அல்லாஹ்வின் கையில் என்று சொல்லும் அத்தியாயம் அது. மனிதனை மனிதன் உடைமையாக வைத்துக்கொள்ள முடியாது என்பதை, எஜமானுக்குப் புரியாத மொழியில் அவர் சொல்லியிருக்கிறார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் கிறிஸ்தவராகிவிட்டார் என்று எஜமானர் குடும்பம் சொன்னது; அதைப் பற்றி இன்றும் விவாதம் உண்டு. அதில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டி, அடிமையாகவே அவர் இறந்தார் என்பது மட்டும் உறுதி.

இன்னொருவர் ஃபிரெடரிக் டக்ளஸ். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது எஜமானியம்மாள் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். கணவர் அதைத் தடுத்துவிட்டார். படித்தால் அடிமை கெட்டுப்போவான் என்பது அவர் வாதம். பையன் விடவில்லை. ரொட்டித் துண்டைக் கொடுத்து, தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் பாடம் கற்றுக்கொண்டான். பிறகு தப்பித்துப்போய், 1845-ல் தன் சரித்திரத்தைப் புத்தகமாக வெளியிட்டார். அடிமை முறைக்கு எதிரான போராட்டத்தில் அந்தப் புத்தகம் பெரிய ஆயுதமாக இருந்தது. உதவித்தொகை வாங்க வந்திருக்கும் பிள்ளைகள் இந்த இரண்டு பேரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் போட்ட கோடு

1865-ல் சட்டப்படி அடிமை முறை ஒழிந்தது. ஆனால் மனிதர்களுக்கிடையே போட்ட கோடு அழியவில்லை. தென் மாநிலங்களில் பள்ளிக்கூடம், பேருந்து, குடிநீர்க் குழாய் எல்லாவற்றிலும் வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று சட்டமே வைத்தார்கள். சட்டம் இல்லாத வட மாநிலங்களில் வழக்கம் அந்த வேலையைச் செய்தது.

இப்போது குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருக்கிறது. பேரருவியின் கீழே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நிற்கிறார்கள். அதற்கு மேல் அந்தத் தண்ணீர் யாரையும் யார் என்று கேட்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். 1919 ஜூலை 27 அன்று சிகாகோ நகரத்து ஏரியில் யூஜின் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் கறுப்பினப் பையன் நண்பர்களோடு மிதவையில் விளையாடிக்கொண்டிருந்தான். மிதவை நகர்ந்து வெள்ளையர் குளிக்கும் பக்கம் போய்விட்டது. தண்ணீரில் கோடு எதுவும் கிடையாது. மனிதர் மனதில்தான் கோடு. கரையிலிருந்து கல்லெறிந்தார்கள். பையன் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைப் போலீஸ் கைது செய்ய மறுத்தது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் உயிரிழந்தார்கள்.

இது அமெரிக்கச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. அடுத்த எட்டாவது வருடம், 1927 மார்ச் 20 அன்று, மராட்டியத்தில் மகாத் என்ற ஊரின் பொதுக்குளத்தில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடிக்கிற குளம் அது. மனிதர்கள் குடித்ததற்காக அன்றைக்கே அடி விழுந்தது. பிறகு குளத்துக்குத் தீட்டுக்கழிப்பும் செய்தார்கள்.

திருவனந்தபுரத்தில் ஓர் அறிமுகம்

இரண்டு நாட்டுக் கோடும் ஒன்றுதான் என்பதை மார்ட்டின் லூதர் கிங் நமக்குப் பக்கத்து ஊரில் வைத்துத்தான் உணர்ந்தார். 1959-ல் அவரும் மனைவி கொரெட்டாவும் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார்கள். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் வருகிற திருவனந்தபுரத்துக்கும் வந்தார்கள். அங்கே தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார்: இவர் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர், உங்களில் ஒருவர் என்று. கேட்டதும் தனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது என்று கிங் பிற்காலத்தில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். பிறகு தன் நாட்டில் சேரிகளில் அடைபட்டுக் கிடக்கும் தன் மக்களை நினைத்துப் பார்த்தார். தலைமையாசிரியர் சொன்னது சரிதான், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டார்.

மீனாட்சிபுரம்

இனி நம் ஊருக்கு வருவோம். பண்பொழிக்குப் பக்கத்தில் இருக்கிறது மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று, அந்த ஊரின் தாழ்த்தப்பட்ட மக்களில் சுமார் 180 குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. திருநெல்வேலி தென்னிந்திய இஷாஅத்துல் இஸ்லாம் சபை அதற்குத் துணை நின்றது. ஊர் ரஹ்மத் நகர் என்றும் அழைக்கப்பட்டது. செய்தி டெல்லி நாடாளுமன்றம் வரை போனது. தலைவர்கள் வந்து பார்த்தார்கள். வளைகுடாப் பணம் என்று பத்திரிகைகள் எழுதின.

அந்த மக்கள் சொன்ன காரணம் வேறு. தேநீர்க் கடையில் தங்களுக்குத் தனிக் குவளை, வயதுக்கு மரியாதை இல்லாத அழைப்பு, வழக்கு என்று வந்தால் முதலில் தங்கள் மேல் விழும் போலீஸ் கை. படித்து வேலைக்குப் போன இளைஞர்களும் அவர்களில் இருந்தார்கள். படிப்பும் சம்பளமும் வந்த பிறகும் குவளை மாறவில்லை என்பதுதான் அவர்களைச் சுட்டது. இஸ்லாத்துக்கு வந்த பிறகு, நேற்றுவரை ஒருமையில் அழைத்தவர்கள் 'பாய்' என்று அழைத்தார்கள் என்று பலர் பிறகு சொல்லியிருக்கிறார்கள்.

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்ல நாம் இங்கு வரவில்லை. ஊரில் எல்லோரும் இஸ்லாத்துக்கு வரவில்லை. வந்தவர்களில் சிலர் திரும்பியும் போனார்கள். இரு சமயத்தாரும் அங்கே உறவுக்காரர்களாகவே வாழ்கிறார்கள், அதுவும் அழகுதான். நாம் கேட்பது வேறு கேள்வி. மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்று ஒருவர் நம் வாசலைத் தட்டினால், வாசலைத் திறப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

ஹஜ்ஜில் கண்ட குவளை

மால்கம் எக்ஸ் பெயரை இளைஞர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1925-ல் பிறந்தவர். வாலிப வயதில் வழிதவறிச் சிறைக்குப் போனார். சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதித் தன்னைப் படிக்க வைத்துக்கொண்டார். முதலில் அவர் சேர்ந்த இயக்கம் வெள்ளையர் எல்லோரும் சைத்தான்கள் என்று போதித்தது. 1964-ல் அதை விட்டு விலகி ஹஜ்ஜுக்குப் போனார். மக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில், எல்லா நிறத்தாரோடும் ஒரே தட்டில் சாப்பிட்டதையும் ஒரே குவளையில் குடித்ததையும் ஒரே விரிப்பில் உறங்கியதையும் வியந்து எழுதினார். வெள்ளையரை வெறுக்கும் கருத்தையும் கைவிட்டார். மறு வருடம் பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

குவளையைக் கவனியுங்கள். மீனாட்சிபுரத்து மக்களை விரட்டியதும் குவளைதான். மால்கமை மாற்றியதும் குவளைதான். தொழுகை வரிசையில் பக்கத்தில் நின்றதை மட்டும் அவர் எழுதவில்லை. வரிசை கலைந்த பிறகு நடந்ததை எழுதினார்.

நம் வீட்டுக்குள்

நம் பள்ளிவாசலில் யாரும் யாரையும் பின் வரிசைக்குப் போகச் சொல்வதில்லை, அல்ஹம்துலில்லாஹ். பரீட்சை வெளியே இருக்கிறது.

முதலாவது, பேச்சு. இஸ்லாத்துக்கு வந்து நாற்பது வருடம் கடந்த குடும்பத்தின் பேரனையும் 'புதுசா வந்தவங்க' என்று சொல்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்தபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் கால குணம் இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்தார்கள். எவ்வளவு பெரிய சஹாபி! அவருக்கே அந்தக் கண்டிப்பு.

இரண்டாவது, திருமணம். அமெரிக்காவில் பேருந்தும் பள்ளியும் திறந்த பிறகும், கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதைப் பல மாநிலங்கள் குற்றமாகவே வைத்திருந்தன. 1967-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை ரத்து செய்தது. கடைசியாக இடியும் சுவர் அதுதான். ஜுலைபீப் (ரலி) அவர்களுக்கு வம்சமும் இல்லை, அழகும் இல்லை. அவருக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பெண் கேட்டார்கள். பெற்றோர் தயங்கினார்கள், மகள் சம்மதித்தார். நம் ஜமாஅத்துகளில் பெண் பார்க்கும்போது 'எந்தக் கூட்டம்', 'பூர்வீகம் எது' என்று ஆரம்பிக்கிற விசாரணை எங்கே போய் முடிகிறது என்று ஒவ்வொரு வீடும் யோசிக்க வேண்டும். 'பிள்ளை கொஞ்சம் நிறம் கம்மி' என்ற பேச்சும் அதே கோட்டின் மிச்சம்தான். பிலால் (ரலி) பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, பிலாலின் நிறத்தில் மருமகள் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

மூன்றாவது, உரிமை. 1950-ல் போட்ட உத்தரவுப்படி தாழ்த்தப்பட்டோர் சலுகை இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956-ல் சீக்கியர், 1990-ல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். முஸ்லிமும் கிறிஸ்தவரும் இன்னும் சேர்க்கப்படவில்லை. இதை ஆராய 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. நம் மாநிலத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் என்று பட்டியலில் உள்ள பிரிவுகளுக்கே அது கிடைத்தது. இஸ்லாத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் சான்றிதழ் கிடைக்காமல் அலைந்தார்கள். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட வகுப்புகளிலிருந்து வந்தவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதலாம் என்று தமிழக அரசு 2024 மார்ச்சில் ஆணையிட்டது. இது தெரியாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் நமது அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். மனு எழுதுவதிலிருந்து தாலுகா அலுவலகம் வரை கூடவே வர நமது தொண்டர்கள் இருக்கிறார்கள்.

பெருமக்களே, அரபியருக்கு அரபியல்லாதாரை விடவும், வெள்ளையருக்குக் கறுப்பரை விடவும் இறையச்சத்தைக் கொண்டல்லாமல் மேன்மை இல்லை என்பது நம் நபியின் இறுதிப் பேருரையின் சாரம். இதைக் கேட்டுத்தான் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் மீனாட்சிபுரத்திலும் மனிதர்கள் நம்மை நம்பினார்கள். அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் சாப்பாட்டு விரிப்பிலும் நிக்காஹ் சபையிலும் அதைக் காப்பாற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.